பழைய ஹெரால்டைச் சுரண்டுவதற்கு முன்



நம்ம பள்ளியில் படித்த ஒரு தம்பி, இப்போது அவிநாசிப் பக்கம் காம்பாக்டிங் யூனிட் வைத்திருக்கிறான், போன வாரம் நாலு படம் அனுப்பியிருந்தான். அவன் அப்பாரு ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தோட்டத்துச் சாளையில் பல வருஷமாக நிற்கிறது. "சார், முழுசாச் சுரண்டி, டிங்கரிங் பண்ணி, ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பளபளன்னு சிவப்பு அடிச்சரலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான்.

வரலாற்று வாத்தியாரிடம் பெயிண்ட் வேலையைப் பற்றி எதற்குக் கேட்கிறான் என்று வீட்டில் சிரித்தார்கள். என்னிடம் கேட்டது சரிதான். முழுசாகச் சுரண்டாதே என்று ஒரு வரியில் பதில் போட்டேன். "ஏன் சார்?" என்று திருப்பிக் கேட்டான். அந்த 'ஏன்' கொஞ்சம் நீளம். அவனுக்கு மட்டும் எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று இங்கே போடுகிறேன். நம் ஊரில் பழைய வண்டியைச் சாளையில் வைத்திருக்கும் வீடு இது ஒன்று மட்டும் இல்லையே.

முதலில் அந்த வண்டி. ஹெரால்டு இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்தது, 1959-ல். அதைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு அப்போது ஒரு சங்கடம். வழக்கமாக பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகப் பற்றவைத்துத் தர ஆள் இல்லை. அதனால் பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனியாக ஒரு சேஸிஸ். அதன் மேல் வெவ்வேறு பட்டறைகளில் செய்த துண்டுகளை போல்ட் போட்டு முடுக்குவது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயும். பானெட்டைத் தூக்கினால் எஞ்சின், முன் சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் திறந்த வீடு மாதிரி தெரியும். வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துக்காரர், ஜியோவானி மிக்கெலோட்டி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அந்த நாளில் பெரிய பேச்சு.

1962-ல் அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடம்பை வைத்து அதே மிக்கெலோட்டி வரைந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்பயர். உலகம் முழுக்க இன்று ஆசை ஆசையாகப் புதுப்பிக்கிறார்களே, அந்த வண்டி. ஆக நம்ம ஊர் ஹெரால்டு ஸ்பிட்பயருக்குப் பெரியப்பா மகன். சிவப்பு அடிக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை வந்ததில் தப்பில்லை, ரத்தத்தில் இருக்கிறது.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா 1961-லிருந்து இதைச் செய்தது. அப்போது நாட்டில் கார் என்றால் மூன்றுதான்: அம்பாசடர், பியட், ஹெரால்டு. நம் மாகாணத்தில் செய்த கார் என்பதால் இங்கே அதற்குத் தனி மரியாதை. 948 சிசி எஞ்சின். 1968-ல் இந்தியக் குடும்பங்களுக்கு வசதியாக நாலு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் அப்படி நாலு கதவு ஹெரால்டு வந்ததே இல்லை. கல்கத்தாக்காரருக்கு அம்பாசடர், பம்பாய்க்காரருக்கு பியட், நமக்கு ஹெரால்டு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முழு உண்மை இல்லை என்றாலும் கேட்க நன்றாக இருக்கும்.

பந்தயத்திலும் ஹெரால்டுக்கு இடம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை அதுதான் இடம். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பு. அதனால் ஆர்வக்காரர்கள் ஹெரால்டின் சேஸிஸையும் எஞ்சினையும் வைத்துத் தாங்களே வண்டி கட்டினார்கள். தனிச் சேஸிஸ் இருந்ததால்தான் அது முடிந்தது. உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வேறு உடம்பை மாட்டலாம். கோயம்புத்தூரின் பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் இந்தப் பள்ளியில் படித்து வந்தவர்தான். பிறகு 1988 வாக்கில் மாருதி 800 எஞ்சினை வைத்து, பைபர் உடம்பு போட்ட ஒற்றை ஆள் பந்தயக் காரைக் கோவையிலேயே செய்தார். நம் நாட்டு இளைஞர்கள் பலர் பந்தயம் பழகியது அதில்தான். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது.

பைபர் உடம்பில் துரு ஏறாது, அச்சு இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். தகர உடம்பு அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ஜாதகம். அதனால்தான் இவ்வளவு பேச்சு.

இப்போது பெயிண்ட்டுக்கு வருகிறேன். இதில்தான் நம் ஊருக்கும் காருக்கும் இருக்கும் உறவு ஒளிந்திருக்கிறது.

கார்கள் வந்த புதிதில் அவற்றுக்குக் குதிரை வண்டிக்கு அடித்த மாதிரியேதான் பெயிண்ட் அடித்தார்கள். எண்ணெயும் வார்னிஷும் கலந்த பெயிண்ட், பிரஷ்ஷால், கோட் மேல் கோட். ஒவ்வொரு கோட்டும் காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும். ஒரு காருக்கு வாரக்கணக்கில் ஆகும். போர்டு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கார் செய்கிறார். அத்தனையையும் காய வைக்க எங்கே இடம்? அதனால்தான் 1914-லிருந்து 1925 வரை மாடல் டி காருக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது. சூளையில் சுட்டு எடுக்கும் கறுப்பு எனாமல்தான் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. வகுப்பில் 'கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறமும் கிடைக்கும்' என்று போர்டு சொன்ன கதையை நான் சொல்லியிருப்பேன். அதற்குப் பின்னால் இருந்தது பிடிவாதத்தைவிட, காயும் நேரம்தான்.

இதற்கு விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? பருத்திக்கொட்டையிலிருந்து.

ஜின்னிங் மில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஞ்சைப் பிரித்த பிறகும் கொட்டையின் மேல் பூனைமுடி மாதிரி குட்டைப் பஞ்சு ஒட்டியிருக்கும். லிண்டர்ஸ் என்பார்கள். நூலாக நூற்க முடியாது, நீளம் போதாது. நம் ஊரில் கொட்டையோடு சேர்ந்து மாட்டுக்குப் போய்விடும். ஆனால் வேதியியல்காரனுக்கு அது தங்கம். கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்ததில் நனைத்தால் வெடிபஞ்சு ஆகிவிடும் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஷோன்பைன் என்ற பேராசிரியர் 1846-ல் உலகுக்குச் சொன்னார். சமையலறையில் சிந்திய அமிலத்தை மனைவியின் பருத்தி ஏப்ரனால் துடைத்து, அடுப்பருகே காயப்போட, அது பக்கென்று எரிந்து மறைந்தது என்று ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரின் துப்பாக்கி மருந்து இந்தப் பஞ்சு வகைதான்.

அந்த மருந்தை மலைமலையாகச் செய்த அமெரிக்கக் கம்பெனி டுபான்ட். போர் முடிந்தது. தொழிற்சாலை சும்மா நிற்கிறது. அதே நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்து அரக்கு மாதிரி பூசலாம் என்பது முன்பே தெரியும். ஆனால் கரைசல் கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும். ஸ்பிரே கன்னில் வர வேண்டுமானால் தின்னர் நிறைய ஊற்ற வேண்டும். ஊற்றினால் நிறம் மெல்லிசாகிவிடும், எத்தனை கோட் அடித்தாலும் ஏறாது. கெட்டித்தன்மை குறைந்த நைட்ரோசெல்லுலோஸைச் செய்யக் கற்றதும்தான் கதவு திறந்தது. ஒரே கோட்டில் நிறையச் சாயம் ஏறும், தின்னர் ஆவியாகப் போனதும் காய்ந்துவிடும். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. 1923-ல் அந்தப் பெயிண்ட் சந்தைக்கு வந்தது. ஓக்லாண்டு என்ற காரின் 1924 மாடலுக்கு நீல நிறத்தில் அடித்தார்கள். அதன் பெயர் டூக்கோ.

நம் பட்டறையில் பழைய பெயின்டர்கள் 'டக்கோ அடிக்கிறது' என்பார்களே, அது இதுதான். கம்பெனிப் பெயர் தொழிலின் பெயராகிவிட்டது. இன்று ஆசாரிகள் அலமாரிக்கு 'டூக்கோ பினிஷ்' என்று சொல்வதும் அதே சொல்தான்; கார்க் கம்பெனியிலிருந்து மாடுலர் கிச்சனுக்குக் குடிபோய்விட்டது.

இந்த வம்சத்தில் இன்னொரு பிள்ளை பழைய சினிமாப் பிலிம். அதுவும் நைட்ரோசெல்லுலோஸ்தான். பக்கென்று பிடித்துக்கொள்ளும், வருஷம் ஆக ஆகத் தானே நைந்து போகும். தமிழின் முதல் பேசும் படமான 1931 'காளிதாஸ்' படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் போயின. பருத்தியில் எழுதிய வரலாறு இது, பத்திரப்படுத்தாவிட்டால் போய்விடும்.

நிறம் வந்ததும் வியாபாரமே மாறியது. கறுப்பு மாடல் டி 1927-ல் நின்றது. அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் கலைக்கும் நிறத்துக்கும் என்று தனிப் பிரிவே தொடங்கியது. வெள்ளை பனியன் மட்டும் போட்டுக்கொண்டிருந்த திருப்பூர், கலர் டி-சர்ட்டுக்கு மாறியதும் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். நொய்யலைப் பார்த்தவர்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களில் இங்கே இருந்தவர்கள், மறக்க மாட்டார்கள். பெயிண்ட் பட்டறையின் விலை ஆற்றில் தெரியாது, பெயின்டரின் நெஞ்சில் தெரியும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் போக முடியாது. பஸ் முதலாளியாகத்தான் அவரைத் தெரியும். அதற்கு முன் திருப்பூரில் பருத்தித் தொழில் பார்த்து, அதில் சம்பாதித்ததைப் பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் விட்டவர் அவர். பிறகுதான் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு 1920-ல் ஒரே ஒரு பஸ்; பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு. பருத்தியில் போனதைப் பெட்ரோலில் பிடித்தார். அவர் பெயரில் கோவை அவிநாசி ரோட்டில் இருக்கும் கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். போனால் வண்டியின் பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். கதவு இடுக்கையும் மட்கார்டு வளைவையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேதான் கைவேலை தெரியும்.

கைவேலை என்றதும் டிங்கர்களைப் பற்றி. கரூரில் பஸ் பாடி, நாமக்கல் திருச்செங்கோட்டில் லாரி பாடி, ரிக் வண்டி என்று தகரத்தோடு வாழ்ந்த மேற்கு மாவட்டங்கள் நம்முடையவை. நல்ல டிங்கர் கண்ணால் பள்ளத்தைத் தேட மாட்டார், உள்ளங்கையால் தேடுவார். கைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய துணியை வைத்துத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம்கூட விரலில் சொல்லும். வெளியே சுத்தியல், உள்ளே டாலி. டாலியை எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் வித்தை. சுத்தியலுக்கு நேர் பின்னால் பிடித்து அடித்தால் தகரம் நீளும். கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடித்தால் நீளாமல் மேடு இறங்கும், பள்ளம் ஏறும். தெரியாதவன் அடித்து அடித்துத் தகரத்தை நீட்டிவிடுவான். பிறகு அது டால்டா டப்பா மூடி மாதிரி டொக்கு டொக்கு என்று உள்ளே வெளியே போகும். அதைச் சரிசெய்ய, ஒரு காலணா அளவுக்கு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியை வைத்து அழுத்துவார்கள். சுருங்கிவிடும். இதை அளவாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது பேனல் கிடைக்கிறது, மாற்றிவிடுகிறார்கள். ஹெரால்டுக்குப் பேனல் எங்கே போவது?

தெரியாதவர்களின் குறுக்குவழி பட்டி. ஓட்டை மேல் தகரம்கூட வைக்காமல் சாக்கையோ வலையையோ அடைத்து மேலே பட்டி பூசி, அதன் மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் தாங்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகரம் இருக்கிற இடத்தில் ஒட்டும், பட்டி கனமாக இருக்கிற இடத்தில் நழுவி விழும். பட்டி வருவதற்கு முந்தைய காலத்து வேலையில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி மரக்கரண்டியால் தேய்த்துப் பூசியிருப்பார்கள். அதில் காந்தம் ஒட்டாவிட்டாலும் அது நல்ல வேலை. ஆனால் அதை உலர அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஈயத்தூள் மூச்சில் போகும்.

ஹெரால்டில் துரு முதலில் பிடிப்பது கதவுக்குக் கீழே இருக்கும் சில், டிக்கித் தளம், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். நம் கொங்குநாட்டு வறண்ட காற்று இதில் ஒரு வரம். கடற்கரையில் நின்ற வண்டி அரித்துப்போயிருக்கும். இங்கே சாளையில் நின்ற வண்டிக்குத் தரை ஈரம்தான் எதிரி. நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்தபோது, இரும்புப் பொருள்கள் துருக் கட்டியாகத்தான் வந்தன. இரும்பு எப்போதும் மண்ணுக்குத் திரும்பத்தான் பார்க்கும். பெயிண்ட் என்பது அதைத் தடுத்து வைக்கும் தோல்.

அதனால் துரு அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அது உயிர் காக்கும் வேலை. உள்ளே ஆள் உட்கார்ந்து போகிறான். நான் வேண்டாம் என்றது, நல்லபடி இருக்கும் தகரத்தின் மேலிருக்கும் பழைய பெயிண்ட்டையும் சேர்த்து, மணல் வீச்சு அடித்து வெறும் தகரமாக்குவதை.

இதற்குக் கோயிலைத்தான் உதாரணம் சொல்வேன். திருப்பணி என்ற பெயரில் கற்சுவரில் மணல் வீச்சு அடித்தார்கள். கல் வெள்ளையாகப் பளிச்சென்று ஆனது. எழுநூறு எண்ணூறு வருஷமாகப் படிக்கக் கிடந்த கல்வெட்டு எழுத்தின் விளிம்பு மழுங்கிப்போனது. அழுக்கு போகவேண்டும் என்று நினைத்தவர்கள் சாட்சியை அழித்துவிட்டார்கள். நினைவுச்சின்னங்களுக்கு 1964-ல் வெனிஸ் சாசனம் என்று ஒன்று எழுதினார்கள்: இருப்பதைக் காப்பாற்று, ஊகம் தொடங்கும் இடத்தில் நிறுத்து என்பது அதன் சாரம். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு அதை முன்மாதிரியாக வைத்து 2012-ல் டூரின் சாசனம் என்று வண்டிகளுக்கே ஒன்று கொண்டுவந்தது. வண்டி செய்த நாளிலிருந்து அதன் மேல் ஏறிய அடையாளங்களும் அதன் வரலாறுதான் என்கிறது அது. ஹெரால்டை வரைந்த மிக்கெலோட்டியின் ஊர்ப்பெயரிலேயே அந்தச் சாசனம் அமைந்தது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஒரு காரின் தோலில் என்னதான் எழுதியிருக்கும் என்று கேட்கலாம். டிக்கிக்குள் ஒரு ஓரத்தில் காசு அளவு இடத்தை ஈர வாட்டர் பேப்பரால், 1000 நம்பர் போதும், மெதுவாக வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். மரம் வெட்டினால் வளையம் தெரிகிற மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். மேலே கடைசியாக அடித்த நிறம், அதன் கீழே பிரைமர், அதன் கீழே கல்யாணத்துக்காக மாற்றிய நிறம், அடியில் கம்பெனி நிறம். எந்தக் கதவில் அடுக்கு கூடுதலோ அந்தக் கதவு எங்கேயோ இடித்திருக்கிறது. வீட்டில் யாரும் சொல்லாத விபத்தைக் கதவு சொல்லும்.

அந்தப் பெயிண்ட் எந்தக் குலம் என்றும் தெரிந்துகொள்ளலாம். மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்துத் தேய்த்தால், நிறம் கரைந்து துணிக்கு வந்தால் அது பருத்திக் குலத்து லாக்கர் வகை. எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் கரையும். காய்ந்ததே தின்னர் ஆவியானதால்தானே. வராவிட்டால் எனாமல் அல்லது ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய பெயிண்ட். லாக்கராக இருந்தால் நல்ல செய்தி: மங்கிப்போன மேல்பூச்சின் கீழே பெரும்பாலும் உயிர் இருக்கும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுக் கையால், பொறுமையாகத் தேய்த்தால் மேலே வெளுத்த படலம் போய் அடி நிறம் எழும்பும். மெல்லிசான விளிம்பில் மட்டும் அழுத்தக் கூடாது. மெஷின் பப் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் பிரைமர் தெரிந்துவிடும்.

சில இடம் புதிதாக அடித்தே ஆகவேண்டும். அப்போதுதான் நம்ம சாயப்பட்டறைப் பிள்ளைகளுக்கு வேலை. உங்களைவிட இதை யார் சொல்ல முடியும்? லேப் டிப்பை பையர் டி65 வெளிச்சத்தில் சரி என்பார், கடை டியூப் லைட்டில் தப்பு என்பார். பெயிண்ட்டிலும் அதே கூத்துதான். பட்டறைக்குள் பொருந்திய நிறம் வெயிலுக்கு வந்ததும் கதவு ஒன்று, மட்கார்டு ஒன்று என்று பல்லைக் காட்டும். வெயில் படாத இடத்தில்தான் மாதிரி எடுக்க வேண்டும்: கதவு ரப்பர் பீடிங்கை உரித்தால் கீழே, டேஷ்போர்டு மடிப்பில், டிக்கி மூடியின் உட்புறம். ஆனால் வெளியே நாற்பது ஐம்பது வருஷம் வெயில் தின்ற நிறத்துக்குப் பக்கத்தில் அசல் நிறத்தை அடித்தாலும் ஒட்டுப் போட்டது மாதிரிதான் தெரியும். ஆகவே இரண்டு மாதிரியும் எடுத்து நடுவில் ஒரு நிறம் பிடிப்பார்கள் நல்ல பெயின்டர்கள். நம் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீரும். சாயப்பட்டறையையும் கார்ப் பட்டறையையும் சேர்த்துவைக்க யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. யாராவது செய்து பாருங்களேன்.

லாக்கர் அடிப்பதற்குக் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். தை, மாசி தோது. ஹார்டனர் கலந்த பெயிண்ட் இந்தத் தொல்லை குறைவானது, வெயிலையும் பெட்ரோலையும் தாங்கும், பளபளப்பும் அதிகம். ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பிடிக்கும். ஒருமுறை ஆஸ்துமா வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்த முகங்கள்தான் ஞாபகம் வருகின்றன. பெயிண்ட் வேலை கொடுக்கிறவர்கள் விலை பேசும்போது, சரியான மாஸ்க் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு; உலரத் தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேய்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை அப்படிப் பதியலாம். ஏற்கெனவே எண் இருந்தால் அந்த எண்ணே நீடிக்கும். புதிதாகப் பதிகிற வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு எண். வாடகைக்கோ தினசரி ஓட்டத்துக்கோ எடுக்கக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஹெரால்டின் மேல்கூரையை அறுத்து எறிந்துவிட்டு ஸ்பிட்பயர் வேஷம் போட்டால் இந்த வாசல் மூடிவிடும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு பக்கமும், அடிப்பக்கம் உட்பட, படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு பேனலின் போல்ட்டையும் ஷிம்மையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஹெரால்டில் கதவு இடைவெளி சரியாக வருவதே அந்த ஷிம்களால்தான். கலந்துவிட்டால் நல்ல மெக்கானிக்கும் ஒரு வாரம் திண்டாடுவார்.

துணியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத் திருப்பூர்க்காரன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது. நாடு முழுக்க ஒர்க்‌ஷாப்பில் கை துடைப்பதும் வண்டி துடைப்பதும் நம் பனியன் வேஸ்ட்தான். ஆனால் பாலிஷ் வேலைக்கும் பெயிண்ட் அடிக்கும் முன் துடைக்கவும் கையில் கிடைத்த வேஸ்டை எடுக்காதீர்கள். ஓவர்லாக் தையல் இருக்கும் துண்டில் பாலியெஸ்டர் நூல் இருக்கும், கோடு விழும். லேபிள், பட்டன் சொல்லவே வேண்டாம். கலர் துண்டு தின்னர் பட்டால் சாயம் விடும். எல்லாவற்றையும் விட மோசம் சிலிக்கான் சாப்டனர் ஏறிய துணி. தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். அதில் துடைத்த தகரத்தில் பெயிண்ட் அடித்தால் மீன் கண் மாதிரி குழிகுழியாக விலகும். எங்கிருந்து வந்தது என்று பெயின்டர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். கிரே துணியும் ஆகாது, நிட்டிங் எண்ணெயும் மெழுகும் இருக்கும். ப்ளீச் முடிந்து சாப்டனர் போடாத வெள்ளைக் காட்டன் இன்டர்லாக் துண்டு கேட்டு வாங்கி, வெந்நீரில் இரண்டு தரம் அலசி, வெயிலில் காயப்போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ இருந்தால் ஒரு வண்டிக்குத் தாராளமாகப் போதும்.